ஆலுக்குப் பக்கத்தில்

ஜப்பாருக்கு விரல் ரேகை கிடையாது. பேட்டரி ஆசிட் தின்றுவிட்டது. வாணியம்பாடி ரேஷன் கடையில் கட்டைவிரலை மிஷின்மேல் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். எச்சில் தொட்டு வைப்பார், சட்டையில் தேய்த்து வைப்பார், சூடு வரட்டும் என்று ஊதி வைப்பார். ஆளே இல்லை என்று அது அடம்பிடிக்கும். கடைசியில் கடைக்காரர், "நகரு பாய், பின்னாடி ஜனம் நிக்குது. உன் வூட்டம்மாவை அனுப்பு" என்பார். மனைவி ஃபக்ருன்னிசா வந்து விரல் வைத்தால் உடனே பச்சை.

"என்னைவிட உன்னைத்தான் சர்க்காருக்குத் தெரியுது" என்று ஜப்பார் முணுமுணுப்பார்.

"எனக்கே உங்களை மாசத்துக்கு ஒரு வாட்டிதான் தெரியுது" என்பாள் அவள்.

அவள் சொல்வதும் சரிதான். மாதத்தில் இரண்டு நாள் கீழே. மிச்சமெல்லாம் ஜவ்வாது மலைமேல். ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போனால் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரி. ஓடு போட்ட இரண்டு கட்டடம், ஒரு ஜீப், சூரிய வெளிச்சத்தில் கரண்ட் எடுக்கும் தகடுகள், அதற்கான பேட்டரிகள். பேட்டரி இருக்கிற இடத்தில் ஜப்பார் இருந்தாக வேண்டும்.

அவருடைய அப்பா டேனரியில் தோல் மிதித்தவர். முழங்கால்வரை கடுக்காய்த் தண்ணீரில் நின்று நின்று கால் இரண்டும் செருப்புத் தோல் நிறத்துக்கு வந்திருந்தன. அந்தக் கடுக்காயெல்லாம் இந்த மலையிலிருந்துதான் மூட்டை மூட்டையாக இறங்கியது. பிள்ளையாவது உலர்ந்த வேலைக்குப் போகட்டும் என்று, அஞ்சாங்கிளாஸ் முடிந்ததும் ஒரு பேட்டரிக் கடையில் விட்டார். அங்கே ஆசிட். எங்கே போனாலும் அந்தக் குடும்பத்துக்கு ஈரம்தான் எழுதியிருந்தது போல.

மலைக்கு அவர் வந்ததே பேட்டரி இறக்கத்தான். அந்த வருஷம் மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. லாரி கீழேயே நின்றுவிட்டது. ஒரு பேட்டரி ஒரு ஆள் கனம் இருக்கும். அப்போது தீர்த்தகிரி என்ற மலைக்காரர் தலையில் சும்மாடு வைத்து, "தூக்கிவுடு பாயி" என்றார். குறுக்குப் பாதையில் வெறுங்காலோடு ஏறினார். நடுவில் ஒரு இடத்தில்கூட இறக்கவில்லை. மேலே வந்ததும், "இன்னா பாயி, இத்தினியூண்டு பொட்டிக்குள்ள கல்ல போட்டு மூடி விக்கிறியா?" என்று கேட்டார். ஜப்பாருக்குக் கோபமாக வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. பேட்டரி வேலை முடிந்தும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் இரு என்றார்கள், இருந்துவிட்டார்.

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே சண்டைதான், ஒரே சிரிப்புதான். தீர்த்தகிரி கடுக்காய் மரம் ஏறப் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரி வழியாகப் போவார். வேலிக்கு வெளியே நின்று, "பாயி, உங்கப்பனுக்குக் கடுக்காய் பறிக்கப் போறேன், வர்றியா?" என்பார்.

"எங்கப்பன் செத்து எத்தினி வருசம் ஆவுது. போடா."

"அதுக்கென்னா. தோலு சாவலையே."

கரண்ட்டில் ஓடுவதெல்லாம் ஜப்பார் தலையில் என்பது ஆஸ்பத்திரியில் எழுதாத சட்டம். அப்படித்தான் எக்ஸ்ரே கம்ப்யூட்டரும் அவர் தலையில் விழுந்தது. எல்லோரும் அதைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். முன்பெல்லாம் எக்ஸ்ரே எடுத்தால் ஃபிலிமை இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். பிறகு புது ஏற்பாடு வந்தது. படத்தை ஒரு தட்டு வாங்கிக்கொள்ளும். தட்டைப் படிக்கிற மிஷின் ஒன்று. அது படத்தைப் பெட்டிக்குக் கொடுக்கும், பெட்டி திரையில் காட்டும். பழைய தொட்டிகளையும் மருந்து டப்பாக்களையும் ஜப்பாரே தூக்கிக்கொண்டு போய் காயலான் கடையில் போட்டார். இருட்டறையில் இப்போது பெட்டியும் பேட்டரியும்தான்.

சில வாரங்களுக்கு முன் அந்தப் பெட்டிக்குப் புது புரோகிராம் போட குமரேசன் வந்தான். கண்ணமங்கலத்துப் பையன். குடும்பத்துக்கு நிலம் இருக்கிறது. அவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ரோடு வேலையில் நெட் கேபிள் அறுந்து கிடந்ததால் நேரில்தான் வர வேண்டியிருந்தது. புது புரோகிராம் போட்டான், அது எழுந்திருக்கவில்லை. தலையைச் சொறிந்தான். பிறகு என்னவோ தட்டினான், எழுந்துகொண்டது.

"இன்னா பண்ண?" என்று ஜப்பார் கேட்டார். எதுவானாலும் கேட்டு வைத்துக்கொள்வது அவர் பழக்கம். புரிகிறதா இல்லையா என்பது வேறு.

குமரேசன் உட்கார்த்திவைத்துச் சொன்னான். "மெமரின்னா களம் மாதிரி பாய். ஊருக்கே ஒரே களம். ஒவ்வொரு புரோகிராமும் அவனவன் மூலையில போரடிச்சிக்கினு இருப்பான். இந்த எக்ஸ்ரே புரோகிராம் மட்டும் அஞ்சாறு ஆளைக் கூட்டிக்கினு வருது. அத்தினி பேரும் ஒரே குவியல்ல கை வெக்கணும். அதுக்குப் பொதுவா ஒரு எடம் வோணும். அத்த அளந்து வுடறவன் பேரு கெர்னல். களத்துக்குக் காவக்காரன்னு வெச்சிக்குங்க. ஒருத்தன் ஒரே வாட்டி எவ்ளோ எடம் கேக்கலாம்னு ஒரு வரம்பு வெச்சிருப்பான், அது மேக்ஸு. எல்லாரும் சேர்ந்து எவ்ளோ கேக்கலாம்னு இன்னொரு வரம்பு, அது ஆலு. புது புரோகிராமுக்குக் குவியல் பெருசு. ரெண்டு வரம்பையும் ஏத்தி வுட்டிருக்கேன்."

"காவக்காரன் நீ சொன்னா கேப்பானா?"

"முதலாளி பேரைச் சொல்லி உள்ள பூந்தா கேப்பான்."

வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான். போளூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குமரேசன் பையை மாட்டிக்கொண்டு ஓடினான். ஜப்பார் திரையைத் துணியால் துடைத்தார். அவ்வளவுதான், அந்த விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தார்.

ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த புது பேட்டரிகள் மாசி மாதத்தில் ஒரு வழியாக வந்தன. ஜப்பாருக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி. மறுநாள் காலையிலேயே வேலையை ஆரம்பித்தார். பெட்டியைப் படக்கென்று பிடுங்கவில்லை. முறைப்படி நிறுத்தினார். விளக்கு அணையும்வரை காத்திருந்தார். பழைய பேட்டரியை இறக்கி, புதியதை ஏற்றி, முனைகளுக்கு வாசலின் தடவி, முடுக்கி, பெட்டியைப் போட்டார். விளக்கெல்லாம் பச்சை. டீ குடிக்கப் போனார். அந்தக் காலையில் யாருக்கும் எக்ஸ்ரே இல்லை. யாரும் திரையைப் பார்க்கவில்லை.

வெயில் ஏறியபோது கயிற்றுக் கட்டிலில் தீர்த்தகிரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடுக்காய் மரத்துக் கிளை முறிந்திருக்கிறது. தலைகீழாக வந்து, பாறையில் வயிறு மோதி விழுந்திருக்கிறார். பின்னாலேயே அவர் மனைவி செந்தாமரை, இடுப்பில் பிள்ளையோடு ஓடி வந்தாள். அவள் அழவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

தீர்த்தகிரிக்கு நினைவு இருந்தது. ஜப்பாரைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். "பாயி. உங்கப்பனுக்குத்தான் பறிச்சேன். பாத்தியா, கீழ தள்ளிட்டான்."

"பேசாத இரு" என்றார் ஜப்பார்.

டாக்டர் அதீபா வந்தாள். அவளும் வாணியம்பாடிதான். ஜப்பாரைச் சாச்சா, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவாள். நாலு பேர் எதிரில் அவர் அவளை டாக்டரம்மா என்பார். கழுத்துக்குப் பட்டை போட்டாள், இரண்டு பக்கமும் மணல் பை வைத்தாள். கால் விரலை ஆட்டச் சொன்னாள். ஆடியது. வயிற்றை அமுக்கினாள். தீர்த்தகிரி பல்லைக் கடித்தார்.

அவள் ஜப்பாரையும் செந்தாமரையையும் தனியே அழைத்துச் சொன்னாள். "ரெண்டு பயம் இருக்குது. கழுத்து எலும்பு முறிஞ்சிருந்தா ஆட்டக் கூடாது. இந்த ரோட்டுல ஜீப்ல போட்டுக்கினு போனா ஒரு வளைவுல காலு கை போய்டும், மூச்சே போய்டும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அசையாம வெச்சிருக்கணும். ஆனா வயித்துக்குள்ள ரத்தம் கசியுதுன்னு நெனைக்கிறேன். அப்படின்னா ஆபரேஷன் வோணும், ஒரு நிமிசம் கூட இங்க வெச்சிருக்கக் கூடாது. கழுத்து நல்லாயிருந்தா இப்பவே ஜீப்ல போட்டு வெரட்டிக்கினு போய்டலாம். படம் பார்த்தாத்தான் தெரியும்."

ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்தை எடுத்துக்கொண்டு போளூர் போயிருந்தது. விட்டுவிட்டுத் திரும்ப மலை ஏற வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். தட்டைப் படிக்கிற மிஷின் தட்டை விழுங்கியது. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டி கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்தைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றது.

நர்ஸ் தேவயானி எழுத்துக் கூட்டினாள். "எடம் இல்லைன்னு சொல்லுது பாய்."

"எந்த எடம்?"

"எனக்கு இன்னா தெரியும். பழைய படத்தையெல்லாம் அழிச்சிட்டா எடம் வருமோ?"

"கையை வெக்காத" என்று ஜப்பார் உறுமினார். காலையில் தான் நிறுத்திவிட்டுப் போட்டது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

ஆஸ்பத்திரிக்குள் செல்போன் எடுக்காது. மேலே தண்ணீர்த் தொட்டி மேட்டில் எடுக்கும், அதுவும் தொட்டியின் கிழக்கு ஓரத்தில் நின்றால். ஜப்பார் ஓடினார். ஐம்பது வயதைத் தாண்டிய உடம்பு, புளித்த ஏப்பத்தோடு மேட்டில் ஏறியது. குமரேசன் எடுத்தான்.

"பெட்டி எடமில்லைன்னு சொல்லுதுபா."

"பெட்டியை நிறுத்தினீங்களா பாய்?"

"பேட்டரி மாத்தினேன். முறையாத்தான் நிறுத்தினேன். நிறுத்தக் கூடாதா?"

அந்தப் பக்கம் ஒரு அய்யய்யோ கேட்டது. பிறகு, "நிறுத்தலாம் பாய். தாராளமா நிறுத்தலாம். தப்பு என்னுது. ரெண்டு வரம்பை ஏத்தினேனே, மேக்ஸை எழுதி வெச்சேன். ஆலை எழுதி வெக்கல. காவக்காரன்கிட்ட வாயால சொல்லிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிட்டேன். நிறுத்திப் போட்டா வாயால சொன்னது மறந்துடும். பழைய வரம்புக்குப் போய்டுவான்."

"அதெல்லாம் இருக்கட்டும். தீர்த்தகிரி மரத்துலேந்து வுழுந்து கட்டில்ல கிடக்கிறான். இன்னா பண்ணணும் சொல்லு."

"மெசேஜ் அனுப்பட்டுமா?"

"இங்க மெசேஜ் பொழுது சாஞ்சாத்தான் வரும். வாயால சொல்லு."

குமரேசன் சொன்னான். திரையின் ஓரத்தில் பூட்டுப் படம் இருக்கும். அதைத் தட்டினால் முதலாளி பேரைக் கேட்கும். பேரும் ரகசியச் சொல்லும் சொன்னான். ஜப்பார் பேனாவால் முன்கையில் எழுதிக்கொண்டார். பூட்டுத் திறந்தால் வரிவரியாக ஒரு பட்டியல் வரும். காற்று அடித்தது. குரல் அறுந்து அறுந்து வந்தது.

"முதல் வரி ஆல்னு முடியும்... பாய், கேக்குதா... பக்கத்துல மாத்தணும்... அஞ்சு, ரெண்டு, நாலு, ரெண்டு, எட்டு, எட்டு..."

ஜப்பார் எண்ணைக் கையில் எழுதினார். "பக்கத்துலதானே மாத்தணும்?"

"ஆமா பாய். பக்கத்துலதான். அதுதான் முக்கியம். பக்கத்துல."

"சரி" என்று ஜப்பார் இறங்கினார்.

பட்டியல் வந்தது. முதல் வரி ஆல் என்று முடிந்தது. அதற்குப் பக்கத்து வரி மேக்ஸ். ஜப்பார் அந்த மேக்ஸ் வரியில் விரலை வைத்து, தேவயானியைப் பார்த்து, "ஆலுக்குப் பக்கத்துல இதானே?" என்று கேட்டார். "இதான் பாய்" என்றாள் அவள். மேக்ஸுக்கு நேரே ஏற்கெனவே ஏதோ நீளமான எண் இருந்தது. அதை அழித்துவிட்டு முன்கையைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினார். ரேகையில்லாத விரல். ஆனால் எழுத்துப் பலகை ரேகை கேட்பதில்லை. எண்ணை இரண்டு முறை சரிபார்த்தார். புரோகிராமை எழுப்பினார்.

திரையில் இப்போது வேறு வரி. அந்த வார்த்தை ஜப்பாருக்கே தெரியும். ரீசார்ஜ் எண்ணைத் தப்பாக அடித்தால் வரும் வார்த்தை. செல்லாது.

"மொதல்ல எடமில்லைன்ன. இப்ப நானே செல்லாதுன்ற" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார். பெட்டியை ஒரு குத்துக் குத்தலாம் போல இருந்தது. பேட்டரி என்றால் திறந்து பார்க்கலாம். ஆசிட் அளவு பார்க்கலாம், எந்த அறை செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். இதில் எதைத் திறப்பது.

கதவோரத்தில் செந்தாமரை நின்றிருந்தாள். "பாய்ண்ணா, வந்துச்சா?"

"வரும்" என்றார்.

மறுபடியும் மேட்டுக்கு ஓடினார். குமரேசனின் எண்ணைப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். மறுபடி போட்டார். மறுபடியும் அவளே. தொட்டியின் கிழக்கு ஓரத்திலிருந்து தெற்கு ஓரத்துக்குப் போனார், போனைத் தலைக்குமேல் தூக்கினார். சென்னையில் அந்தப் பையன் எந்த லிஃப்டுக்குள் போனானோ, இங்கே காற்றுதான் எங்கே திரும்பியதோ, யாருக்குத் தெரியும்.

கீழே டாக்டர் அதீபா வாசலுக்கு வந்து கையசைத்தாள். ஜப்பார் இறங்கினார்.

"சாச்சா, பிரஷர் இறங்குது. வயிறு கல்லு மாதிரி ஆவுது. இனிமே படத்துக்காக நிக்க முடியாது. ஆம்புலன்ஸ் இன்னும் மலை ஏறவே ஆரம்பிக்கல. ஜீப்லயே எடுத்துக்கினு போறேன். கழுத்து முறிஞ்சிருக்குன்னே வெச்சிக்கினு போவணும். அசையாம படுக்க வெக்க நீளமா, கெட்டியா ஒரு பலகை வோணும்."

பலகை எங்கே இருக்கிறது. ஜப்பார் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே அறைக் கதவின் கீல் ஆணிகளைச் சுத்தியலால் மேலே தட்டி எடுத்தார். கனமான கதவு. அந்த நாள் பூராவும் அவர் கை செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். தீர்த்தகிரியைக் கதவோடு சேர்த்து, நெற்றியிலும் மார்பிலும் தொடையிலும் துணி கொடுத்துக் கட்டினார்கள்.

"இன்னா பாயி, கதவைப் பிடுங்கிட்ட" என்றார் தீர்த்தகிரி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "படம் இன்னா சொல்லுது?"

ஜப்பார் நெற்றிக் கட்டின் பக்கம் குனிந்தார். முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார்.

"உன் பேட்டரி லட்சணம் எனக்குத் தெரியாதா" என்றார் தீர்த்தகிரி. அதற்குமேல் பேச டாக்டர் விடவில்லை.

கதவு ஜீப்பில் ஏறியதும் இடமே இல்லை. ஒரு ஓரத்தில் டாக்டர், கதவைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆள். செந்தாமரை பிள்ளையோடு நின்றாள். பின்னால் வரும் பஸ்ஸில் வா என்றார்கள். டாக்டர் டிரைவரிடம், "நடக்கிற வேகத்துல போ. பள்ளம் வந்தா நிறுத்தி இறக்கு. கழுத்து ஆடக் கூடாது. புரியுதா?" என்றாள். ஜீப் மெதுவாக, மாட்டு வண்டி போல, வேலியைத் தாண்டியது. அது அப்படி ஊர்ந்ததைப் பார்த்தபோது வயிறு கல்லாகிறது என்று டாக்டர் சொன்னதுதான் ஜப்பார் காதில் விழுந்துகொண்டிருந்தது. வேகமாகப் போ என்று கத்தவும் முடியாது, மெதுவாகப் போ என்று சொல்லவும் வாய் வராது.

அவர் மேட்டுக்குப் போனார். வேறு எங்கே போவது. தொட்டியடியில் நின்றதும் போன் தானாகவே அடித்தது.

"பாய், எத்தினி வாட்டி அடிக்கிறது. வந்துச்சா?"

"வரல. செல்லாதுன்னு சொல்லுது."

"செல்லாதா?" குமரேசன் குழம்பினான். "ஆல்ல தப்புன்னா எடமில்லைன்னுதான் சொல்லும். செல்லாதுன்னா மேக்ஸுலதான் பிரச்சினை. மேக்ஸை யாரு தொட்டா?"

"நீதான்யா தொடச் சொன்ன. ஆலுக்குப் பக்கத்துல மாத்துன்ன. அஞ்சு ரெண்டு நாலு ரெண்டு எட்டு எட்டு. நான் திருப்பிக் கேக்கல? பக்கத்துலதானேன்னு கேக்கல?"

காற்று நின்றிருந்தது. குரல் இப்போது பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாக இருந்தது.

"பாய்... பக்கம்னா பேஜு. நோட்டுல வருமே, அந்தப் பக்கம். மேக்ஸு பைட்டுக் கணக்கு, ஆலு பக்கக் கணக்கு. படியில அளக்கறதுக்கும் மூட்டையில அளக்கறதுக்கும் இருக்கிற மாதிரி. ஆலைப் பக்கக் கணக்குல மாத்துங்கன்னு சொன்னேன். நீங்க மூட்டைக் கணக்கைக் கொண்டுபோய்ப் படிக் கணக்குல போட்டுட்டீங்க. காவக்காரன் ஒரு பிடி எடம்தான் வுடுவான்."

ஜப்பார் தொட்டிச் சுவரில் கையை ஊன்றினார்.

"பேஜுன்னே சொல்றதுக்கு இன்னா?"

"உங்களுக்குப் புரியணும்னுதான் பாய் தமிழ்ல சொன்னேன்."

"பேஜுன்னா எனக்குத் தெரியாதா? எம் பொண்ணு ஃபாயிசா தெனம் போன்ல எத்தினி பேஜு படிச்சேன்னு சொல்லுதே." குரல் உயரவில்லை. உயர்த்த அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. "சரி சொல்லு. இப்ப இன்னா."

இந்த முறை இருவரும் ஒவ்வொரு சொல்லாகப் போனார்கள். பட்டியலுக்குக் கீழே இரண்டு பொத்தான். ஒன்று, எழுதி வைத்ததை மறுபடி படி. அதை அமுக்கினால் மேக்ஸ் பழைய இடத்துக்கு வந்துவிடும். பிறகு ஆல் வரியிலேயே அந்த எண். பிறகு இன்னொரு பொத்தான், எழுதி வை. "அத்த மறந்துடாதீங்க பாய்" என்றான். "நீ மறந்தத நான் மறக்க மாட்டேன்" என்றார் ஜப்பார். அது திட்டா, வேறு எதுவா என்று அவருக்கே தெரியவில்லை.

கீழே போனார். கதவில்லாத அறை வாசலில் செந்தாமரை உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. ஜப்பார் மறுபடி படி என்றதை அமுக்கினார், எண்ணைத் தட்டினார், எழுதி வை என்றதை அமுக்கினார். புரோகிராமை எழுப்பினார். ஒன்றுமே நடக்காததுபோல் அது எழுந்துகொண்டது. தட்டைப் படிக்கிற மிஷினுக்குள் காத்துக்கொண்டிருந்த படம் மெல்ல மேலிருந்து கீழாகத் திரையில் இறங்கியது.

தீர்த்தகிரியின் கழுத்து. வெள்ளை வெள்ளையாக எலும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக. அந்த மழை வருஷம் பேட்டரி சுமந்து மலையேறிய கழுத்து.

ஜப்பார் திரையருகே முகத்தைக் கொண்டுபோனார். பேட்டரித் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் இடைவெளி கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. அது முறிவா, எல்லோருக்கும் அப்படித்தானா? தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தேவயானி, இது இன்னாம்மா சொல்லுது?"

அவள் வெகுநேரம் பார்த்தாள். "எலும்பு எதுன்னு காட்டுவேன் பாய். முறிஞ்சிருக்கா இல்லையான்னு டாக்டரம்மாதான் சொல்லணும்."

டாக்டரம்மா எங்கேயோ ஒரு வளைவில், செல்போன் எடுக்காத காட்டில், நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறாள். படம் இங்கே இருக்கிறது. படிக்கத் தெரிந்த கண் அங்கே இருக்கிறது.

ஜப்பார் திரையைத் தன் போனில் படம் பிடித்தார். திரை வெளிச்சத்தில் முதல் படம் வெளுத்துவிட்டது. இன்னொன்று எடுத்தார். மேட்டுக்கு ஏறினார். இந்த முறை செந்தாமரையும் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தொட்டியின் கிழக்கு ஓரத்தில் நின்று அனுப்பினார். போன் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளை அதைப் பிடிக்கக் கையை நீட்டியது. செந்தாமரை கையை இழுத்துக்கொண்டாள். வட்டம் நின்று ஒரு டிக் விழுந்தது. போயிருக்கிறது, சேரவில்லை.

"ஜீப்பு இப்ப எங்க போயிருக்கும் பாய்ண்ணா?"

"பாதி இறங்கியிருக்கும்."

"வேகமா போனா முக்கால்வாசி இறங்கியிருக்கும்ல?"

ஜப்பார் கீழே பார்த்தார். பள்ளத்தில் மரங்களுக்கு நடுவே ரோடு இரண்டு இடத்தில் நூல் மாதிரி தெரியும். அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். எதுவும் போகவில்லை. புழுதிகூட எழவில்லை.

முன்கையில் எழுதிய எண் வியர்வையில் கரைந்து ஓடியிருந்தது. செந்தாமரை பஸ்ஸுக்குப் போகவில்லை. பஸ்ஸின் ஹாரன் கேட்டது, அவள் அசையவில்லை. சேதி வருகிற இடத்தை விட்டுப் போக அவளுக்குப் பயமாக இருந்திருக்கும். பிள்ளை தோளிலேயே தூங்கிவிட்டது.

வெயில் தொட்டியின் மறுபக்கம் போனபிறகுதான் இரண்டாவது டிக் விழுந்தது. அதற்கும் வெகுநேரம் கழித்து டாக்டர் அதீபாவின் பதில் வந்தது. ஜப்பார் எழுத்துக் கூட்டிப் படித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

சாச்சா, கழுத்து நல்லா இருக்கு. முறிவு இல்ல. இப்பதான் பாத்தேன். போளூர் வந்து சேர ரொம்ப நேரம் ஆயிடுச்சு. ரத்தம் நிறைய போயிருக்கு. ஆபரேஷனுக்கு உள்ள எடுத்துட்டாங்க. துவா பண்ணுங்க.

"இன்னா சொல்றாங்க பாய்ண்ணா?"

"கழுத்து நல்லாயிருக்குதாம்." மிச்சத்தை அவர் படித்துக் காட்டவில்லை.

அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. அப்புறம் அவள் யோசித்தாள். யோசிப்பது ஜப்பாருக்குத் தெரிந்தது.

"கழுத்து நல்லாயிருந்தா வெரட்டிக்கினு போய்டலாம்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க?"

ஜப்பார் போனைப் பார்த்தார்.

"அப்ப வயிறு?" என்றாள் செந்தாமரை.

அவர் எழுத்துப் பலகையைத் திறந்தார். ஆபரேஷன் முடிஞ்சுதா, வயிறு எப்படி இருக்கு என்று கேட்டு எழுதினார். அனுப்பினார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு, தொட்டியின் கிழக்கு ஓரத்தில் நின்றார்கள்.